அடுக்களையும் ஓர் ஆவணம்

நாஞ்சில் நாட்டின் வரலாறு கோயிலை வைத்தும் கோட்டையை வைத்தும் கல்வெட்டை வைத்தும் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. சுசீந்திரம் கோயில் ஒன்றுக்காகவே கே.கே. பிள்ளை 1953இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். குளச்சல் போருக்கும் உதயகிரிக் கோட்டைக்கும் வரலாற்றாசிரியர்கள் குறைவில்லை. ஆனால் இந்த மண்ணின் மனிதர்கள், அதிலும் பெண்கள், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த இடம் வீடு. அந்த வீட்டை நாம் வரலாற்றுச் சான்றாக எண்ணியதே இல்லை. பழையதானால் இடிக்கிறோம், மரத்தை விற்கிறோம், மனையைப் பங்கு வைக்கிறோம். எப்போதாவது ஒரு வீட்டைக் காக்க முன்வருகிறோம் என்றால், அங்கே பெரிய மனிதர் ஒருவர் பிறந்திருக்க வேண்டும், அல்லது அது அரசர் வீடாக இருந்திருக்க வேண்டும். இந்தச் சொற்பொழிவில் நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். ஒரு வீட்டை அருங்காட்சியகமாக்குவதன் பயன், அந்தக் கூரைக்கடியில் யார் எங்கே நிற்கலாம், யார் உழைக்க யார் உண்டார்கள், எந்தச் சட்டம் எந்தச் சுவரை எழுப்பியது என்பதைப் பார்க்க வருகிறவர் கண்ணால் கண்டு புரிந்துகொள்வதில் இருக்கிறது. அந்த அளவுகோலில் பார்த்தால் நாஞ்சில் நாட்டின் சாதாரண வீடுகளே நமக்கு முதலில் தேவை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் அருங்காட்சியகமாக நிற்கும் வீடு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பத்மநாபபுரம். தக்கலைக்கு அருகே கோட்டைக்குள் நிற்கும் அந்த மர அரண்மனையின் பழைய பகுதிகள் 1592 முதல் 1609 வரை ஆண்ட இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தவை. 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா அதை விரிவாக்கினார். 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகு அரசர் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கை அங்கே ஓய்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்த பின்னும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பிலேயே இருக்கிறது. 2014இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. வருகிறவர்கள் பூமுகத்தின் மரச்செதுக்கு வேலையில் நின்று, மந்திரசாலையின் பளபளக்கும் கறுப்புத் தரையில் நின்று, உப்பரிகை மாளிகையின் மேல்தளத்து ஓவியங்களைப் பற்றிக் கேட்டறிந்து, நவராத்திரி மண்டபத்தின் கல் தூண்களைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதி விக்கிரகமும், குமாரகோவிலிலிருந்து வேளிமலை முருகனும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் புறப்படுகிறார்கள். அந்தச் சடங்கில் உடைவாளைக் கைமாற்றும் இடமாக உப்பரிகை மாளிகை இன்றும் இருந்துவருகிறது. அரண்மனையாக அதைக் காத்ததில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. 1930களில் திருவிதாங்கூர் தொல்லியல் துறை அக்கறை எடுத்திராவிட்டால், இரண்டு பருவ மழை பெய்யும் இந்த ஊரில் கறையானுக்கும் ஈரத்துக்கும் தப்பி இத்தனை மரம் நின்றிருக்காது.

ஆனால் அதே அரண்மனையில் என் வாதத்துக்குத் தொடக்கப் புள்ளியாகும் இரண்டு இடங்கள் உண்டு. கூட்டம் அங்கே அதிக நேரம் நிற்பதில்லை. ஒன்று ஊட்டுப்புரை. இரண்டு தளங்களில் ஒரே வேளையில் 2,000 பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய நீண்ட கூடம் அது. ஊறுகாய் வைத்த பெரிய சீன ஜாடிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. இன்னொன்று தெற்குக் கொட்டாரம். அரண்மனையின் பழைய பகுதியான தாய்க் கொட்டாரத்தோடு ஒத்த பழைமை உடையதாகச் சொல்லப்படும் அந்தத் தனிக் கட்டடம் இப்போது பழைய வீட்டுப் புழங்கு பொருள்களின் காட்சிக்கூடம். அரண்மனைக்குள்ளேயே வீட்டு வாழ்க்கையைச் சொல்ல ஒருவர் முயன்றிருக்கிறார் என்பதற்கு அந்தக் கூடம் சான்று. அது நல்ல முயற்சி. ஆனால் பாதியில் நின்றுபோன முயற்சி. பாத்திரம் இருக்கிறது, அதைத் துலக்கியவர் இல்லை. அளவை இருக்கிறது, யாருக்கு அளந்து கொடுத்தார்கள் என்ற விவரம் இல்லை. 2,000 பேர் உண்டார்கள் என்று சொல்கிறோம். அந்த நெல்லை எங்கிருந்து கொண்டுவந்தார்கள், யார் குத்தினார்கள், உண்ண அமர்ந்தவர்கள் எந்தெந்தச் சாதியினர், கோட்டைக்கு வெளியே எத்தனை தொலைவில் யார் நிறுத்தப்பட்டார்கள் என்று சொல்வதில்லை. வேலையிலிருந்து பிரித்து வைத்த பொருள் கலைப்பொருளாகிவிடுகிறது. அழகு மட்டும் எஞ்சுகிறது. அந்த அழகு, வரலாறு தெரிந்துவிட்டது என்ற நிறைவையும் பார்ப்பவருக்குத் தந்துவிடுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இனி அரண்மனையை விட்டு ஊருக்குள் வருவோம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் பழைய வயல் ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள்: தேரூர், தாழக்குடி, பூதப்பாண்டி, பறக்கை, அழகியபாண்டியபுரம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டுக்கு இரண்டு போகம் விளைந்த நிலம் அது. அங்கே நிலமுடைய வேளாளர் வீடுகளின் அமைப்பு பெரும்பாலும் ஓர் ஒழுங்கில் இருந்தது. தெருவை ஒட்டிப் படிப்புரை, உள்ளே முற்றம், திண்ணை, பட்டாசல், அதற்குள் இருட்டான அரங்கு, பின்னால் அடுக்களை, அதற்கும் பின்னால் புறவாசல், தொழுவம், உரல்புரை, களம். நெல் வைக்கப் பத்தாயம். வசதி மிகுந்த வீடானால் நெல்லுக்கென்றே தனியாக அறப்புரை. பலாவும் தேக்கும் அயினியும் பனங்கையும் சேர்ந்த கூரை. இதைக் கட்டடக் கலையாக மட்டும் பார்த்தால் சில படங்களோடு விஷயம் முடிந்துவிடும். ஆவணமாகப் பார்த்தால் ஒவ்வோர் அறையும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. பத்தாயத்தின் சாவி யாரிடம் இருந்தது? இந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டால் போதும், நாஞ்சில் நாட்டுச் சமூக வரலாற்றின் நடுப்பகுதிக்கே போய்விடலாம்.

மருமக்கள்வழி இருந்த குடும்பங்களில் சாவி குடும்பத் தலைவரான காரணவரிடம் இருந்தது. சொத்து அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மனைவிக்கும் மக்களுக்கும் உகந்துடைமை என்ற பெயரில் ஒரு பகுதி கிடைக்கலாம், அவ்வளவுதான். தாய்வழிச் சொத்துரிமை இருந்ததால் பெண் அதிகாரத்தோடு இருந்திருப்பாள் என்று வெளியூர்க்காரர் எண்ணக்கூடும். நாஞ்சில் நாட்டில் நடந்தது அதுவல்ல. மனைவி கணவன் வீட்டில் வந்து வாழ்ந்தாள். அவள் உழைத்துப் பெருக்கிய வீட்டில் அவளுக்கோ அவள் பெற்ற பிள்ளைக்கோ நிலையான உரிமை இல்லை. கணவன் இறந்த அன்று மருமகனாகிய சகோதரி மகன் வந்து அரங்கைப் பூட்டலாம். 1876இல் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதியபோது இந்தக் கதையைச் சொல்ல ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவியைத்தான் தேர்ந்தெடுத்தார். 1917–18இல் ‘தமிழன்’ இதழில் தொடராக வந்த அந்த நூல் எழுப்பிய சலசலப்பும், அதே காலத்தில் சமூகத்துக்குள்ளேயே நடந்த கிளர்ச்சிகளும் வீண்போகவில்லை. 1926இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. பாகப்பிரிவினைக்கு வழி பிறந்தது. மக்களுக்கு உரிமை வந்தது. அந்த நீதி வீட்டின் உடம்பிலும் தன் தடத்தைப் பதித்தது. ஒரே அடுக்களை இரண்டானது. பட்டாசலின் நடுவே சுவர் வந்தது. முற்றத்தைப் பங்கு வைத்தார்கள். எங்கே பங்கு வைக்க முடியவில்லையோ அங்கே வீட்டையே பிரித்து மரத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். இப்படிப் பிரிந்த ஒரு வீட்டில், நடுவில் பின்னால் எழுப்பிய செங்கல் சுவரைப் பழுது என்று எண்ணி அகற்றிவிட்டுப் ‘பழைய அழகை’ மீட்பது பெரும் பிழை. அந்தச் சுவரே 1926ஆம் ஆண்டின் கல்வெட்டு. அருங்காட்சியகத்தில் அதற்குத்தான் முதல் விளக்கப் பலகை வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் முதல் எதிர்ப்பு எழும். அது வலுவான எதிர்ப்பு. ஓரிரு வரியில் கடந்து போகக்கூடியதன்று. இத்தகைய வீடுகள் ஆதிக்க சாதியினரின் வீடுகள். அவற்றைக் காப்பது சாதிப் பெருமைக்கு அரசுச் செலவில் நினைவுச்சின்னம் எழுப்புவதாகாதா? யாருடைய முதுகில் அந்தப் பத்தாயம் நிறைந்ததோ அவர்களுடைய வீடு எங்கே? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். அதனாலேயே வீட்டைக் காக்க வேண்டும் என்கிறேன். வீட்டின் உயரமும் கூரையும்கூடச் சாதியின் சட்டத்துக்கு உட்பட்டிருந்த நாடு இது. 19ஆம் நூற்றாண்டுத் தென் திருவிதாங்கூரில் நாடார்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது, ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டக் கூடாது, பெண்கள் இடுப்பில் குடம் வைக்கக் கூடாது, மார்பை மறைக்கக் கூடாது என்று இருந்த தடைகளை மிஷனரிகள் பதிவு செய்திருக்கிறார்கள். கூரைக்கு ஓடு போடுவதற்கு அரசின் அனுமதியும் அதற்கான காணிக்கையும் வேண்டியிருந்த காலம் உண்டு. ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சியில்தான் அது நீங்கியது. மார்பை மறைக்கும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் 1859 ஜூலை 26ஆம் தேதிப் பிரகடனம் வரை நீண்டது. அடிமை முறை 1855இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தின் ஓலைகளில் நில விற்பனையும் கடனும் வரியும் இருப்பதுபோலவே மனிதர்களை விற்றதும் வாங்கியதும் இருக்கின்றன. கவிமணி அந்த ஓலைகளின் அருமை உணர்ந்து படித்தார். பின்னர் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார். வீட்டுப் பெட்டியில் கிடந்த ஓலை இன்று அந்தச் சமூகத்தின் சாட்சியாகப் பேசுகிறது. அந்த ஓலையைக் காத்தது முதலியார் குடும்பத்தின் பெருமையைக் காத்ததாகிவிட்டதா? மாறாக, யாரும் மறுக்க முடியாத ஆதாரம் கிடைத்திருக்கிறது. ஓலைக்குச் சொன்னது அது இருந்த வீட்டுக்கும் பொருந்தும். வீடு மறைந்தால் பெருமை மறைந்துவிடாது. பேரப்பிள்ளைகளின் நினைவில் ‘எங்கள் எட்டுக்கட்டு வீடு’ என்று அது கூடுதல் ஒளியோடு வாழும். மறைந்துபோவது புறவாசலும், கூலி வாங்கக் காத்து நின்ற களமும்தான்.

ஆனாலும் ஓர் ஏற்றத்தாழ்வு எஞ்சுகிறது. தேக்கு வீடு 200 ஆண்டுகள் நிற்கும். ஓலைக் குடிசை இரண்டு மழைக்காலம் நிற்கும். அதாவது காலமே மேல்சாதி வீட்டுக்குச் சாதகமாகத் தேர்வு செய்துவிடுகிறது. நிற்பதை மட்டும் காத்தால் அந்தத் தேர்வுக்கு நாமும் துணைபோனவர்கள் ஆவோம். ஆகவே, ஒரு பெரிய வீடு காக்கப்படும் இடத்தில் அதை நிரப்பியவர்களின் சிறிய வீடும் அதே கவனத்தோடு எழுப்பப்பட வேண்டும் என்பது என் வாதத்தின் பிரிக்க முடியாத பகுதி. எழுத்துச் சான்று இருக்கிறது; சாமுவேல் மட்டீர் 1871இலும் 1883இலும் வெளியிட்ட நூல்கள் திருவிதாங்கூரின் ஏழை மக்கள் வாழ்க்கையை விரிவாக விவரிக்கின்றன. கைச் சான்றும் இருக்கிறது. பனையோலை வேயத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். ஓலை வீட்டை ஆண்டுதோறும் வேய்வதே காட்சியின் ஒரு பகுதியாகலாம். புதிதாக எழுப்பிய குடிசை போலிதானே என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அந்த வீட்டின் உண்மையான இயல்பே அது மீண்டும் மீண்டும் புதிதாக வேயப்படுவதுதான். பழைய ஓலையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அதுதான் போலி.

கடற்கரையை மறந்துவிடக் கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களில் கடல் எடுத்துக்கொண்டது உயிர்களை மட்டுமன்று. கடலுக்கு முகம் காட்டி, வலை உலர்த்தவும் வள்ளம் பார்க்கவும் ஏற்றபடி அமைந்திருந்த வீடுகளின் வரலாற்றையும் அது எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு கரையிலிருந்து தள்ளி வரிசையாக எழுந்த காங்கிரீட் குடியிருப்புகளைச் சுனாமிக் காலனி என்று மக்கள் சொல்கிறார்கள். அந்தக் குடியிருப்பில் ஒரு வீடு, அதில் குடியேறிய மீனவக் குடும்பம் அதை எப்படித் தன் தொழிலுக்கேற்ப மாற்றிக்கொண்டது என்ற விவரத்தோடு, நாளைக்கு அருங்காட்சியகமாகும் தகுதி உடையது. ஒரு வீடு வரலாறாவதற்கு நூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் நூறாண்டு வரம்பிலிருந்து நமக்குள் வந்து ஊறியிருக்கிறது. தாஜ்மகாலுக்கு அந்த வரம்பு பொருந்தும். வீட்டுக்குப் பொருந்தாது. நூறு ஆண்டு ஆவதற்குள் அதில் வாழ்ந்தவர்களும் வாழ்ந்தவர்களைக் கண்டவர்களும் போய்விடுவார்கள்.

இரண்டாவது எதிர்ப்பு: பெரியவர்கள் வாழ்ந்த வீடுகளைக் காத்தாலே போதும், மக்கள் அவற்றைத்தான் பார்க்க வருவார்கள் என்பது. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. இல்லம், விருதுநகரில் காமராசர் இல்லம் எனத் தமிழக அரசின் பராமரிப்பில் நினைவில்லங்கள் இருக்கின்றன. அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அங்கேயும் நம்மைத் தொடுவது எது என்று எண்ணிப் பாருங்கள். கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீட்டை சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி 2003 முதல் காத்து வருகிறது. அந்த வீட்டின் ஆற்றல் அதன் சிறுமையில் இருக்கிறது. இவ்வளவு ஒடுங்கிய இடத்தில், இவ்வளவு குறைந்த வசதியில் என்ற வியப்பு, பெரிய மனிதரின் வீடு சாதாரண வீடாக இருப்பதிலிருந்து பிறக்கிறது. அப்படியானால் சாதாரண வீட்டுக்கென்றே ஒரு பேச்சு இருக்கிறது. சுவரில் புகைப்படங்களையும் பட்டயங்களையும் மாட்டி, மேசை மேல் மூக்குக் கண்ணாடியை வைத்து, அடுக்களையை அலுவலக அறையாக்கிவிடும் நினைவில்லம் அந்தப் பேச்சை அடக்கிவிடுகிறது. நம் நினைவில்லங்கள் பலவற்றில் முதலில் காணாமற் போகும் அறை அடுக்களைதான். அந்தப் பெரியவரின் தாயும் மனைவியும் வாழ்ந்த அறை அது.

யாரும் அறியாதவர்களின் வீட்டைப் பார்க்க எவர் வருவார் என்ற ஐயத்துக்கு உலக அனுபவம் பதில் சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தின் வொர்க்சாப் என்ற சிறு நகரின் புறநகர்த் தெருவில் ஒரு மளிகைக் கடைக்காரர் குடும்பம் 1923இல் ஒரு வீட்டில் குடியேறியது. தந்தை 1932இலும் தாய் 1939இலும் இறந்த பிறகு இரண்டு மகன்களும் வீட்டில் எதையும் மாற்றவில்லை. எஞ்சியிருந்த மகன் 1990இல் இறந்தபோது வீட்டைத் தேசிய அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். போர் இல்லை, அரசர் இல்லை, கவிஞர் இல்லை. 1920களின் நடுத்தர வர்க்கம் எதை வாங்கியது, எதைச் சேமித்தது, எதற்கு அஞ்சியது என்பதை அந்த வீடு போல விளக்கும் நூல் குறைவு. ‘மிஸ்டர் ஸ்ட்ராஸ் ஹவுஸ்’ என்ற பெயரில் இன்று மக்கள் சென்று பார்க்கிறார்கள். நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெருவின் 97ஆம் எண் கட்டடம் இன்னும் நெருக்கமான பாடம் தருகிறது. 1863இல் கட்டப்பட்ட அந்த அடுக்குக் குடியிருப்பில் 1935 வரை ஏறத்தாழ 7,000 பேர், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள், வாழ்ந்தார்கள். காற்றும் வெளிச்சமும் கழிப்பறையும் கட்டாயமாக்கிய 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடத்தை அதன் சுவர்களில் பார்க்கலாம். பின்னாளில் விதிகள் மேலும் இறுகியபோது, செலவு செய்ய மனமில்லாத உரிமையாளர் குடியிருப்பவர்களை வெளியேற்றி மேல்தளங்களை மூடிவிட்டார். மூடிய அறைகளே 1988இல் அருங்காட்சியகமாக மாறத் தொடங்கின. சட்டம் சுவரில் எழுதப்படுகிறது என்று நான் மேலே நாஞ்சில் நாட்டு வீட்டுக்குச் சொன்னது அங்கேயும் உண்மை.

மூன்றாவது எதிர்ப்பு நடைமுறை சார்ந்தது. வீட்டைப் பெயர்த்து ஓரிடத்தில் சேர்த்துவிடலாமே, அதற்குத்தான் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறதே என்பார்கள். 1996இல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் திறந்த அந்த வளாகம் தென்னிந்திய வீடுகளுக்குச் செய்த தொண்டு பெரியது. செட்டிநாட்டு வணிகர் வீடு மட்டுமன்றி நெசவாளர் வீடு, குயவர் வீடு, உழவர் வீடு என்று அங்கே இருப்பது, எல்லாத் தொழிலினருடைய வீட்டுக்கும் மதிப்பு உண்டு என்ற பார்வையைக் காட்டுகிறது. நாஞ்சில் நாட்டு மர வேலைக்கு நெருங்கிய உறவான திருவனந்தபுரம் வீடு ஒன்றும் அங்கே பெயர்த்து எழுப்பப்பட்டிருக்கிறது. இடிபட இருந்த வீட்டைப் பெயர்த்துக் காத்தவர்களை வாழ்த்தவே வேண்டும். ஆனால் பெயர்த்த வீட்டில் அறை வரும், அக்கம்பக்கம் வராது. அந்த வீடு ஏன் வாய்க்காலுக்கு மேற்கே இருந்தது, கோயில் தெருவிலிருந்து எத்தனை அடி தள்ளி இருந்தது, உழைத்தவர்களின் குடியிருப்பு எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதெல்லாம் மண்ணோடு ஒட்டிய செய்திகள். 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் எந்த மடை வழியாக வந்து அந்தப் பத்தாயத்தை நிரப்பியது என்பதை வங்கக் கடற்கரையில் நின்று சொல்ல முடியாது. பெயர்ப்பது கடைசி வழி. இருந்த இடத்தில் வைத்துக் காப்பதே முதல் வழி.

இருந்த இடத்தில் காப்பது என்றால் அது தனியார் சொத்தாயிற்றே, அரசு பிடுங்கிக்கொள்வதா என்ற கேள்வி நியாயமானது. பிடுங்கக் கூடாது. முன்னாள் முதல்வர் ஒருவரின் வீடான சென்னை போயஸ் தோட்டத்தின் வேதா நிலையத்தை நினைவில்லமாக்க அரசு மேற்கொண்ட கையகப்படுத்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் ரத்து செய்தது. ஒரு முதல்வரின் வீட்டுக்கே இந்த நிலை என்றால், சாதாரணக் குடும்பத்தின் வீட்டைச் சட்டத்தைக் காட்டி வாங்குவது சரியும் அல்ல, நடக்கவும் நடக்காது. தமிழ்நாடு மரபுச்சின்ன ஆணையச் சட்டம் 2012இலேயே நிறைவேறியும் சாதாரண வீடுகளுக்கு அதனால் விடிவு வரவில்லை. ஆகவே வேறு ஒழுங்கு வேண்டும். நாகர்கோவில் 2019இல் மாநகராட்சியானது. வடிவீஸ்வரம், ஒழுகினசேரி, வடசேரி, கோட்டாறு போன்ற பழைய குடியிருப்புகள் நகருக்குள் நெருங்கிவிட்டன. சுற்றியுள்ள வயல் ஊர்கள் புறநகராக மாறிக்கொண்டிருக்கின்றன. மனை விலை ஏற ஏறப் பழைய வீட்டின் ஆயுள் குறைகிறது. நான்கு வழிச் சாலைக்கும் அடுக்ககத்துக்கும் இடையே நிற்கும் ஓட்டு வீட்டைப் பராமரிக்கும் குடும்பம் ஆண்டுதோறும் ஓடு மாற்றவும் கறையானுக்கு மருந்து அடிக்கவும் செலவழிக்கிறது. அந்தச் செலவில் ஒரு பகுதியைச் சொத்து வரிச் சலுகையாகவோ நேரடி மானியமாகவோ உள்ளாட்சி ஏற்றுக்கொள்ளலாம். பதிலுக்கு அந்தக் குடும்பம் வீட்டில் தொடர்ந்து வாழ்ந்தபடியே ஆண்டில் சில நாட்கள் திறந்து காட்டலாம். ஆள் வாழும் வீடு, பூட்டிய வீட்டைவிட நன்றாகவே நிற்கும். தினம் அடுப்பெரிந்த வீட்டின் கூரைக்குப் புகையே பாதி மருந்து.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. வீட்டை விடுதியாக்குவது காப்பதாகாது. செட்டிநாட்டில் சில வீடுகள் விடுதியானதால் தப்பின என்பது உண்மை. கூரை தப்பியதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் விருந்தினரின் வசதிக்காக அடுக்களை உணவகமாகவும் தானிய அறை குளியலறையாகவும் மாறும்போது, அந்த வீடு தன்னைப் பற்றிச் சொல்லக்கூடியவற்றில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. மீதமிருப்பது தூண்களும் முற்றமும். தூணையும் முற்றத்தையும் பார்த்து ‘அந்தக் காலம்’ என்று பெருமூச்சு விடுவது வரலாற்று உணர்வு ஆகாது. அந்தக் காலம் யாருக்கு இனித்தது, யாருக்குக் கசந்தது என்று கேட்க வைக்காத எந்தப் பாதுகாப்பும் என் கணக்கில் பாதுகாப்பே அல்ல.

செய்ய வேண்டியதில் முதலாவது, காப்பதற்கும் முந்திய வேலை: அளவெடுப்பு. எல்லா வீட்டையும் காக்க முடியாது, காக்கவும் வேண்டாம். ஆனால் இடிபடும் ஒவ்வொரு வீட்டின் தளப்படமும், அறைகளுக்கு அந்த வீட்டார் வைத்திருந்த பெயர்களும், பாகப்பத்திரத்தின் நகலும், அங்கே சமைத்தவர், நெல் குத்தியவர், மாடு பார்த்தவர் ஆகியோரின் வாய்மொழியும் பதிவாக வேண்டும். மிஷனரிகள் தொடங்கிய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும் 1952இல் தொடங்கிய தெ.தி. இந்துக் கல்லூரியும் இருக்கும் நகரம் நாகர்கோவில். தமிழ், வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான களப்பணி இருக்க முடியாது. ஒரு மாணவி தன் ஊரில் ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால் போதும். பெண்கள் பேட்டி எடுக்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. படிப்புரையில் உட்கார்ந்து வீட்டுத் தலைவரிடம் கேட்டால் வம்சாவளி கிடைக்கும். அடுக்களையில் உட்கார்ந்து கேட்டால்தான் யாருக்கு எந்த வேளையில் என்ன சோறு போடப்பட்டது என்பது கிடைக்கும். இரண்டாவது, பத்மநாபபுரத்தின் தெற்குக் கொட்டாரம். இரண்டு மாநிலங்களுக்கும் உறவான இடம் அது. அங்கே ஏற்கெனவே இருக்கும் பொருள்களுக்கு, எதற்குப் பயன்பட்டது, எந்தக் கைகள் பயன்படுத்தின, அந்தக் கைகளுக்கு என்ன கூலி என்ற மூன்று செய்திகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்கப் புதுக் கட்டடம் வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம்.

மூன்றாவதாக, வயல் ஊர் ஒன்றில் ஒரு பெரிய வீடும் அதனருகே ஓர் ஓலை வீடும் அருங்காட்சியகமாகும் நாள் வந்தால், நுழைவாயில் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றி எனக்கு ஒரு திட்டமான கருத்து உண்டு. பார்வையாளர்களைப் படிப்புரை வழியாக உள்ளே விடக் கூடாது. அந்த வீட்டை நடத்திய உழைப்பில் பெரும்பகுதி புறவாசல் வழியாகத்தான் வந்தது. சிலர் புறவாசல் வரை மட்டுமே வந்தார்கள். சீட்டு கொடுக்கும் இடம் தொழுவமாக இருக்கட்டும். அங்கிருந்து களம், களத்திலிருந்து உரல்புரை, உரல்புரையிலிருந்து அடுக்களை, பிறகு பத்தாயமும் அரங்கும், அதன் பின் பட்டாசல். எந்த இடத்தில் யார் நிறுத்தப்பட்டார் என்பதைத் தரையிலேயே குறித்துவைக்க வேண்டும். பூமுகத்தையும் படிப்புரையையும் கடைசியில் பார்க்கும் குழந்தை, அவற்றின் செதுக்கு வேலைக்கு ஆன நெல்லை முதலில் பார்த்திருக்கும்.